தேயிலையின் வரவும் செலவும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்கள், மழையையும் ஏரியையும் நம்பி வாழ்பவை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள இப்பகுதி ஆங்கிலேயர் காலத்தில் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. சேலம், திருச்சி, மதுரை மாவட்டங்களைப் போலவே தென்னார்க்காடும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி தந்த முன்பணமே பலரைக் கடல் கடக்கச் செய்தது. குடியேறியவரால் ஒரு நாட்டிற்கு இலாபமா, நட்டமா என்று உலகம் வினவும் இந்நாளில், அம்மக்களின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

காப்பித் தோட்டத்திற்கு அறுவடைக் காலத்தில்தான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். வந்தவர்களுள் பலர் ஊர் திரும்பினர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே குடும்பங்கள் அங்கேயே நிலைத்தன.

கண்டி உழவர்களின் மனக்குறைக்கும் காரணம் உண்டு. 1840-ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர்கள் ஆண்டு அனுபவித்த நிலங்கள் அரசுடைமையாகித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. ஆனால் அந்த இழப்பை விளைத்தது அச்சட்டமேயன்றிக் கொழுந்து பறித்த கைகள் அல்ல.

விடுதலைக்குப் பின் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலையே ஈட்டித் தந்தது. மலிவு அரிசிக்கும் இலவசக் கல்விக்கும் அவ்வருவாய் துணை நின்றது. தோட்டப் பிள்ளைகளின் பள்ளிகளோ நெடுங்காலம் பின்தங்கியே கிடந்தன. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

தாயகம் திரும்பியவர்களையும் சிலர் சுமையாகவே கண்டனர். ஆயினும் அவர்களுக்கு வேலை தரும்பொருட்டு 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கிற்று. அதுவே பின்னர் 'டான்டீ' நிறுவனமாயிற்று. ஒரு நாடு வேண்டாம் என்று அனுப்பிய கைகள் இன்னொரு நாட்டில் செல்வம் விளைத்தன.

இன்று திருப்பூர் ஆலைகளிலும் நம் ஊர்க் கட்டடப் பணிகளிலும் வடமாநிலத்தார் உழைக்கின்றனர். அவர்களால் நமக்கு என்ன செலவு என்று கேட்கிறோம். கேட்கலாம், ஆனால் அவர்களால் வரும் வரவையும் அதே ஏட்டில் எழுதுவோமாக. தேயிலைத் தோட்டத்தில் நம்மவருக்கு மறுக்கப்பட்ட நீதி அதுவேயன்றோ?