சின்னக் கிட்டாரும் சுருதியும்

1956இல் ஃபெண்டர் நிறுவனம் பழகுபவர்களுக்கெண்டு மியூசிக்மாஸ்டர், டுவோ-சோனிக் எனும் மின்கிட்டார்களைக் கொண்டுவந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தி அதிரும் நீளம் 25.5 அங்குலம், இவற்றில் 22.5தான். சின்னக் கைகளுக்கு வசதி. ஆனால் அதே தந்தியை அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை கிட்டத்தட்ட 22 வீதம் குறையும். அப்படித் தளர்ந்த தந்தியை விரல் கொஞ்சம் கூட அழுத்தினாலே சுருதி ஏறிவிடும்.

அந்தக் காலத்துத் தடித்த தந்திகள் இந்தக் குறையை மூடிவைத்தன. 1960களில் மெல்லிய தந்திகள் பரவத் தொடங்கின. "இதில சுருதி நிக்காது" எண்ட பழி கிட்டாருக்கும் பழகுகிற பிள்ளைக்கும் வந்துசேர்ந்தது.

ஆகவே நாங்கள் எங்கட காதைச் சந்தேகப்பட முன்னம், ஒருக்கா தடித்த தந்தி போட்டு, பிரிட்ஜையும் அதுக்கேற்ற மாதிரித் திருத்திப் பார்ப்பம்.