பிஸ்ஸு: நூற்பாவும் விளக்கவுரையும்

ஆண்மையும் பெண்மையும் ஒருங்குடன் தாங்கி
வான்மண் ணிடையே வாயிலின் நின்று
அரசணி காத்து முதலுழ வெழுப்புநர்
பிஸ்ஸு என்ப பூகிஸ் நாட்டோரே.

இந்நூற்பா என்நுதலிற்றோ எனின், இந்தோனேசியாவின் தென்சுலாவெசியில் வாழும் பூகிஸ் மக்கள் வகுத்த பால் ஐந்தனுள் பிஸ்ஸுவின் இயல்பும் தொழிலும் உணர்த்துதல் நுதலிற்று. ஏனைய நான்காவன: ஆண், பெண், ஆணுடலொடு பிறந்து பெண்ணியல்பின் வாழும் சலபாய், பெண்ணுடலொடு பிறந்து ஆணியல்பின் வாழும் சலலாய் என்பன.

'ஆண்மையும் பெண்மையும்' என்புழி உம்மைகள் எண்ணும்மை. ஐயவும்மை எனக் கொண்டு, ஆணோ பெண்ணோ தெளியப்படாதார் எனப் பொருளுரைப்பின் நூற்பா சிதையும். 'ஒருங்குடன்' என்பது ஒருபொருட்பன்மொழி. ஒன்றை விட்டு மற்றொன்றிற் சேறலை விலக்க வந்தது. அதனாற் சலபாயும் சலலாயும் ஈண்டு நீங்கின. 'தாங்கி' என்றது அகத்தே தாங்குதலும் புறத்தே தோன்றத் தாங்குதலும் அடக்கி நின்றது. சடங்குக் கோலம் பூணுங்கால் பிஸ்ஸு ஆடவர்க்குரிய கிரிஸ் என்னும் குத்துவாளை இடையிற் செருகிப் பெண்டிர்க்குரிய மலரும் சூடுவர் ஆகலின்.

'வாயிலின்' என்புழி இன்னுருபு ஒப்புப்பொருட்கண் வந்தது. வாயில் போல நின்று என்க. இரு பாலும் பிரியாது நிற்பாரே தெய்வதத்தொடு உரையாட வல்லார் என்பது அம்மக்கள் கொள்கை. தெய்வம் ஏறியமைக்குச் சான்று யாதோ எனின், மாகிரி என்னும் ஆடல். அதன்கண் கிரிஸின் முனையைத் தம் உள்ளங்கையிலும் மிடற்றிலும் வைத்து உடற்பாரம் முழுதும் அழுத்துவர். ஊறு படாதாயின் தெய்வம் உடனுண்மை தெளியப்படும்.

'அரசணி' என்றது அராஜாங் எனப்படும் குலமுதற் பொருளை. அது வாளாதலும் கொடியாதலும் உண்டு. செகெரி என்னும் ஊரில் அது மரக்கலப்பை. துணி சுற்றி வைத்த அக்கலப்பையை விதைப்புக்கு முன் மாப்பலிலி விழவில் பிஸ்ஸுக்கள் பாடித் துயிலெழுப்பி ஊர்வலம் கொண்டு செல்வர். அதன்பின்னரே ஏர் பூட்டுதல் மரபு. 'முதலுழவு எழுப்புநர்' என்றது இதுபற்றி. காத்தலை முன்வைத்து எழுப்புதலைப் பின்வைத்த முறையும் நோக்கத்தக்கது. காவாதார்க்கு எழுப்பும் உரிமை இன்று.

'என்ப பூகிஸ் நாட்டோர்' என்றதனான் இப்பெயர் பிறர் இட்டதன்று, அந்நிலத்தார் வழக்கே என்பது பெறப்பட்டது. தெய்வ மைந்தனாகிய பத்தாரா குரு வானினின்று இழிந்த காலத்தே பிஸ்ஸுவும் இழிந்தமை லா கலிகோ என்னும் அவர்தம் பெருங்காப்பிய மரபு. 1544-இல் அங்குச் சென்ற போர்த்துக்கேய வணிகர் அந்தோனியோ தெ பைவாவும் இவரைக் கண்டு எழுதினார்.

ஈற்றேகாரம் அசை என்பாரும் உளராவர். அஃது அசையன்மை அவ்வழக்கு அழியாது நின்றமையான் அறியப்படும். 1950களில் கஹார் முஸக்காரின் கிளர்ச்சிப் படையினர் பிஸ்ஸுக்களைத் துரத்தி, முடி மழித்து, சடங்குப் பொருள்களை எரித்தனர். அத்துணைக் கொடுமைக்குப் பின்னும் மாப்பலிலி நின்றிலது. 2004-இல் சிங்கப்பூரில் அரங்கேறிய லா கலிகோ நாடகத்துள் மூத்த பிஸ்ஸுவாகிய புவாங் மாதோவா சைடி தாமே தோன்றினார். ஆகலின் அவ்வேகாரம் தேற்றம் என்றலே பொருத்தம்.