டிஸ்மல்

டிஸ்மல் என்ற ஆங்கிலப் பெயரடை இன்று இருண்டது, சோர்வூட்டுவது, படுமோசமானது என்ற பொருள்களில் வழங்குகிறது. ‘கேடு விளைக்கும்’, ‘ஆகாத’ என்ற முதற்பொருள் வழக்கொழிந்துவிட்டது. தொடக்கத்தில் அது பெயரடையே அன்று. ஆண்டின் சில நாள்களுக்கு இடப்பட்ட பெயர்.

கெட்ட நாள்கள் எனப் பொருள்படும் ‘டியெஸ் மாலி’ என்ற இலத்தீன் தொடர், பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வந்தது. மாதத்துக்கு இரண்டாக ஆண்டில் 24 நாள்கள் இவ்வாறு விலக்கப்பட்டன. ஜனவரியில் 1, 25 ஆகியவை அத்தகையன. கிழமையோ விண்மீனோ பார்க்காமல் தேதியைக் கொண்டே வகுத்ததால், இவற்றை நம் பஞ்சாங்கத்துக் கரிநாளுக்கு ஒப்பிடலாம். பயணம் தொடங்குவதும், மருத்துவத்துக்காக இரத்தம் வடிப்பதும் அந்நாள்களில் ஆகாது. ‘எகிப்திய நாள்கள்’ என்பது இவற்றின் மற்றொரு பெயர்; கி.பி. 354ஆம் ஆண்டின் உரோமை நாட்காட்டியிலேயே அவை குறிக்கப்பட்டுள்ளன. புனித அகஸ்தீன் இந்நம்பிக்கையைக் கண்டித்தார். ஆயினும் திருச்சபையின் நாட்காட்டிகளே பின்னர் அவற்றைப் பல நூற்றாண்டுகள் சுமந்தன.

சொல்லின் மூலம் விரைவில் மறந்துபோயிற்று. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், ‘தி புக் ஆஃப் தி டச்சஸ்’ என்ற படைப்பில் இதை எகிப்தின் பத்து வாதைகளோடு இணைத்தார். பழைய பிரெஞ்சில் ‘டிஸ்’ என்பதற்குப் பத்து என்றும் பொருளுண்டு. தவறானாலும் சுவையான விளக்கம். 15ஆம் நூற்றாண்டில் ‘டிஸ்மல் டே’ என்று நாளைக் குறிக்கும் சொல்லை மறுபடி சேர்த்து எழுதலாயினர். பெயர் அடையானது இவ்வாறுதான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாளை விட்டு எல்லாப் பேரிடருக்கும் அது பொருந்தியது. அடுத்த நூற்றாண்டில் துயரமும் மங்கலும் அதன் பொருளாகி, தீய நாள் என்ற கருத்து பின்தங்கியது.

அமெரிக்கத் தென்பகுதிக் குடியேறிகள் சதுப்புநிலத்தையே டிஸ்மல் என்றனர். வர்ஜீனியா, வட கரோலினா எல்லையிலுள்ள ‘கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப்’ இன்றும் அப்பெயரோடு இருக்கிறது. 1763இல் அதன் நீரை வடித்து விளைநிலமாக்க முனைந்த குழுவில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர்.

பொருளியலை டிஸ்மல் சயின்ஸ் என்று எழுத்தாளர் தாமஸ் கார்லைல் இகழ்ந்தது 1849இல். மக்கள்தொகை பற்றிய பொருளியலறிஞர் மால்தசின் கோட்பாட்டைக் கண்டே அவர் அப்படிச் சொன்னார் என்று பரவலாகக் கூறுவது தவறு. மேற்கிந்தியத் தீவுகளில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கட்டாய வேலைக்கு உட்படுத்த வேண்டும் என்று வாதிட்ட கட்டுரையில்தான், அதற்கு இடந்தராத பொருளியல்மீது அவர் இப்பெயரைச் சாத்தினார்.