இரண்டு நாற்காலியும் ஓர் ஓட்டும்: மிசிசிப்பி, 1964

“நம்மள அவமானப்படுத்துனவனுக்கே ஓட்டுக் கேட்டு நம்ம சனங்ககிட்டப் போய் நிக்கச் சொல்றீங்களா?” ஒடுக்கப்பட்ட மக்களிடையே வேலை செய்கிறவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் சந்திக்கிற கேள்வி இது. வழக்கமாக இதற்கு இரண்டு பதில்தான் வரும். ஒன்று, ‘கட்சி சொல்லியாச்சு, போட்டுட்டுப் போங்க.’ மற்றது, ‘எல்லாரும் ஒண்ணுதான், எவனுக்கும் போடாதே.’ இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு பதிலை, 1964இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக்காட்டுக் கறுப்பர்கள் சொன்னார்கள். ஜனாதிபதி தேர்தலில், தங்களை மாநாட்டு வாசலில் நிறுத்திவைத்த வேட்பாளருக்காகவே அவர்கள் ஓட்டுக் கேட்டார்கள். அது அடிமைத்தனமா, அரசியலா?

அமெரிக்கக் கறுப்பர் வரலாறு நமக்கு அந்நியமல்ல. 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டவர் அம்பேத்கர். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ், பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. சிறுத்தையின் கதை நமக்குத் தெரியும். அது பிறந்த அதே காயத்திலிருந்து புறப்பட்ட இன்னொரு பாதையைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியதில்லை.

முதலில், ஏமாந்த கதைகள்.

அடிமை ஒழிப்புக்குப் பின் கறுப்பரின் கட்சி குடியரசுக் கட்சி. லிங்கனின் கட்சி. 1872 தேர்தலில் கறுப்பர்களில் ஒரு பகுதியினர் கட்சிமேல் சலித்துப்போயிருந்தார்கள். அவர்களுடைய நீண்டகால நண்பரான செனட்டர் சார்லஸ் சம்னரே, எதிர்த்து நின்ற கிரீலிக்குப் போடச் சொன்னார். முன்னாள் அடிமையான ஃபிரெடரிக் டக்ளஸ் அதை மறுத்தார். கிராண்டை விட்டால் நமக்கு வேறு போக்கிடமில்லை என்று ஊர் ஊராகப் பேசினார். அதில் நியாயம் இருந்தது. கூ கிளக்ஸ் கிளான் கொலைகாரர்களை 1871 சட்டத்தைக் கொண்டு ஒடுக்கியது கிராண்டின் அரசாங்கம்தான். ஆனால் ஐந்தே வருசத்தில், 1877இல், அதே கட்சியின் ஹேய்ஸ் ஜனாதிபதியானார். கறுப்பர் ஆட்சிகளுக்குக் கடைசித் துணையாகத் தெற்கில் நின்ற படையை விலக்கிக்கொண்டார். டக்ளஸுக்குத் தலைநகரில் மார்ஷல் பதவி கிடைத்தது. தெற்கத்திச் சனங்களுக்குச் சாட்டையும் தூக்குக்கயிறும் கிடைத்தன.

அடுத்தது 1912. இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்றிருந்த படித்த கறுப்பர்களிடம், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் உட்ரோ வில்சனை ஆதரித்துப் பார்ப்போம் என்றார் டூபாய்ஸ். கறுப்பரிடம் நியாயமாக நடந்துகொள்வேன் என்று வில்சன் எழுதியும் கொடுத்திருந்தார். பதவிக்கு வந்த 1913ஆம் ஆண்டிலேயே அரசு அலுவலகங்களில் கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைக்கும் வேலை ஆரம்பமானது. சாப்பிடுகிற இடம் தனி, கழிப்பறை தனி. 1914இல் நியாயம் கேட்கப்போன மன்றோ டிராட்டரை, பேசுகிற தோரணை சரியில்லை என்று சொல்லி வெளியே அனுப்பினார் வில்சன். டிராட்டரும் 1912இல் வில்சனுக்கு ஓட்டுக் கேட்டவர்தான்.

டக்ளஸும் டூபாய்ஸும் துரோகிகள் இல்லை. சிக்கல் வேறு. இரண்டு முறையும் ஓட்டு நம்பிக்கையாகக் கொடுக்கப்பட்டது. ‘இவர் நல்லவர், செய்வார்’ என்று சொல்லித்தான் வாங்கினார்கள். செய்யாதபோது பிடித்து இழுக்கக் கையில் கயிறு எதுவும் இல்லை. தெற்கில் கறுப்பருடைய ஓட்டையே பறித்துவிட்டிருந்தார்கள். பறித்தவர்களில் முன்னோடி 1890இல் புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்ட மிசிசிப்பி.

அந்த மிசிசிப்பிக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஓட்டுப் போடும் வயதிலிருந்த கறுப்பரில் பெயர் பதிந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பதியப் போனால் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் எழுதச் சொல்வான் குமாஸ்தா. சரியா தப்பா என்று அவனே தீர்ப்புச் சொல்வான். பதிந்தாலும் தலைவரி கட்ட வேண்டும். இதையெல்லாம் தாண்டினால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகும்.

ஃபேனி லூ ஹேமர் வீட்டில் இருபது பிள்ளைகள். அவர்தான் கடைக்குட்டி. ஆறு வயதில் பருத்தி எடுக்க இறங்கியவர். 1962 ஆகஸ்ட் 31இல் பதினேழு பேரோடு பஸ்ஸில் போய் ஓட்டுக்குப் பெயர் பதியக் கேட்டார். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் நிறம் சரியில்லையென்று அபராதம்! பதினெட்டு வருசம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே அவரை வெளியேற்றினார்கள். 1963 ஜூனில் வினோனா சிறையில் அடித்தார்கள். வெள்ளைப் போலீஸ் உத்தரவு போட, கறுப்புக் கைதிகளின் கையாலேயே அடி. நம்மவன் கையில் தடியைக் கொடுத்து நம்மையே அடிக்கவைக்கிற வித்தை எல்லா ஊர் ஆதிக்கத்துக்கும் தெரியும்போல. சிறுநீரகம் கெட்டது. சாகும்வரை அந்த அடியின் வலி அவரை விடவில்லை.

மாநிலத்து ஜனநாயகக் கட்சி வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்ததால், கறுப்பர்கள் 1964 ஏப்ரலில் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று தாங்களே ஒன்றை உண்டாக்கினார்கள். வெள்ளையருக்கும் அதில் இடமுண்டு. அந்தக் கோடையில் சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களைக் கொன்று மண் அணைக்குள் புதைத்தார்கள். அதற்குப் பிறகும் 68 பிரதிநிதிகள் பஸ் ஏறி அட்லாண்டிக் சிட்டிக்கு, கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போனார்கள். கேட்டது ஒன்றே: எங்களை வெளியே வைத்துத் தேர்ந்தெடுத்த கூட்டம் மிசிசிப்பியின் பிரதிநிதி ஆகாது. அந்த நாற்காலிகளை எங்களுக்குக் கொடுங்கள்.

ஆகஸ்ட் 22இல் விசாரணைக் குழு முன்னால் ஹேமர் பேசினார். பண்ணையை விட்டு விரட்டியதையும் சிறையில் அடித்ததையும் அப்படியே சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. ஆனால் அன்றிரவே அந்தப் பேச்சைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்ப, நாடே கேட்டது.

ஜான்சனுக்குத் தெற்கத்தி வெள்ளையரை இழக்கப் பயம். துணை ஜனாதிபதி பதவிக்குக் காத்திருந்த ஹம்ஃப்ரியை வைத்து சமரசம் பேசவிட்டார். மொத்த மாநாட்டுக்கும் பொதுவாக இரண்டு நாற்காலி தருகிறோம், மற்றவர்கள் விருந்தாளியாக உட்காருங்கள். அந்த இரண்டு பேர் யாரென்றும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்முடைய பிரதிநிதி யார் என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று யோசித்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. பேயர்ட் ரஸ்டின், மார்ட்டின் லூதர் கிங் போன்ற பெரிய தலைவர்கள் ஏற்றுக்கொள்ளும் பக்கம் பேசினார்கள். பருத்திக்காட்டுச் சனங்கள் ஏற்கவில்லை. இவ்வளவு தூரம் இரண்டு நாற்காலிக்காக வரவில்லை என்று ஹேமர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இனிமேல்தான் நம் கேள்வி. ஊர் திரும்பியவர்கள் நவம்பர் தேர்தலுக்கு என்ன செய்வது? ஒரு பக்கம் ஜான்சன். ஜூலை 2இல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர், ஆகஸ்டில் அவமானப்படுத்தியவர். எதிர்ப்பக்கம் அந்தச் சட்டத்தை எதிர்த்து செனட்டில் ஓட்டுப் போட்ட கோல்ட்வாட்டர். மிசிசிப்பியின் வெள்ளை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மாநாட்டில் விசுவாச உறுதிமொழி கொடுக்கவே மறுத்து, மூன்று நான்கு பேர் தவிர எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். ஊரில் அவர்கள் வேலை செய்தது கோல்ட்வாட்டருக்கு.

சுதந்திர ஜனநாயகக் கட்சி ஜான்சனுக்காக வீடு வீடாகப் போனது. உண்மையான ஓட்டு பெரும்பாலோருக்கு இல்லை. அதனால் தாங்களே ‘சுதந்திர ஓட்டு’ நடத்தினார்கள். சர்ச்சிலும் கடையிலும் பெட்டி வைத்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள். அந்த ஓட்டுச்சீட்டைக் கவனியுங்கள். ஜனாதிபதிக்கு ஜான்சன். அதே சீட்டில் காங்கிரஸுக்கு ஃபேனி லூ ஹேமர், ஆனி டிவைன், விக்டோரியா கிரே. மேலே அவன் வேட்பாளர், கீழே நம்ம பெண்கள். மூன்றாவது பதில் என்று நான் சொன்னது இந்தச் சீட்டைத்தான். ‘அவரை நம்புங்க’ என்று அந்தச் சீட்டு கேட்கவில்லை.

பலன்? நாடு முழுக்க ஜான்சன் 61 சதவீதம் வாங்கினார். மிசிசிப்பியில் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம். கணக்குப்படி பார்த்தால் அந்தச் சனங்களின் உழைப்பு ஜான்சனுக்கு ஒரு தேர்வாளர் ஓட்டைக்கூட வாங்கித் தரவில்லை. பிறகு எதற்கு அந்தப் பாடு? 1965 ஜனவரி 4இல் அது தெரிந்தது. மிசிசிப்பியின் ஐந்து காங்கிரஸ் உறுப்பினர்களை உட்காரவிடக்கூடாது என்று அவர்கள் வழக்குக் கொண்டுபோனபோது, தோற்றாலும் 149 உறுப்பினர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். கட்சிக்கு விசுவாசமாக நின்றது யார், குழி பறித்தது யார் என்பதை இனி எவனும் மறைக்க முடியாது. செல்மா மக்களின் ரத்தமும் சேர்ந்து, 1965 ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967 வாக்கில் மிசிசிப்பிக் கறுப்பரில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பேர் பதிந்துவிட்டார்கள். 1968 சிகாகோ மாநாட்டில் வெள்ளையர் குழுவை வெளியே நிறுத்தினார்கள். ஹேமர் உள்ளே வந்து உட்கார்ந்தபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

ஓட்டுப் போட்டோம் என்பதற்காக வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. 1965 ஜூலையிலேயே, மெக்கோம் ஊரில் அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் ஜான்சனின் வியட்நாம் யுத்தத்துக்குப் போகாதே என்று துண்டறிக்கை எழுதினார்கள். ஹேமரும் யுத்தத்தை எதிர்த்துப் பேசினார்.

அட்லாண்டிக் சிட்டியோடு அந்தக் கட்சியை வெறுத்து ஒதுங்கிய இளைஞர்களும் உண்டு. ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்றவர்கள் அலபாமாவின் லௌண்டஸ் மாவட்டத்துக்குப் போய்த் தனிக்கட்சி கட்ட உதவினார்கள். அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட, நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் சின்னம். சேவலுக்கு எதிராக இவர்கள் வைத்த சின்னம்தான் கறுப்புச் சிறுத்தை. 1966இல் ஓக்லாந்துக்கும், 1972இல் பம்பாய்க்கும் போனது அதுதான். மறுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நம் பெயரே அவர்கள் கொடுத்தது. ஆனால் இதையும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பராக இருந்த லௌண்டஸில் 1965 தொடக்கத்தில் பதிந்த கறுப்பர் ஒருவர்கூட இல்லை. சிறுத்தைக்கு ஓட்டுப் போடப் பெயர் பதிய முடிந்ததே வாக்குரிமைச் சட்டத்தால்தான்.

அந்தச் சட்டமும் நிரந்தரமாகிவிடவில்லை. 2013இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதன் முக்கியமான பல்லைப் பிடுங்கியது. கட்சியும் நீதிமன்றமும் கொடுப்பதைத் திரும்ப எடுக்கும். எடுக்கிறபோது எதிர்த்து நிற்க நம்முடையது என்று ஒன்று இருக்க வேண்டும்.

ஆகவே, மனசில்லாத சனங்களிடம் ஒரு வேட்பாளருக்காக ஓட்டுக் கேட்டுப் போகிற தோழர்கள் மூன்று காரியம் செய்யட்டும். அவன் செய்த அவமானத்தை முதலில் நீங்களே சொல்லுங்கள். சனங்களுக்கு அது ஏற்கனவே தெரியும், நீங்கள் மறைத்தால் உங்களைத்தான் நம்பமாட்டார்கள். எதிரே நிற்கிறவன் வந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். கடைசியாக, ஓட்டுப் போட்ட மறுநாள் அவன் வாசலில் போய் நிற்க எந்த அமைப்பு இருக்கிறது என்று காட்டுங்கள். மூன்றாவதைக் காட்ட முடியாவிட்டால் முதலில் அதைக் கட்டிவிட்டு வாங்க. மிசிசிப்பியில் அந்த வரிசையில்தான் நடந்தது. ஏப்ரலில் கட்சியைக் கட்டினார்கள், நவம்பரில்தான் ஓட்டு.