பாணன் உண்ட சோறு

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உணவைப் பற்றி. அதிலும், ஒருவர் உண்ணும் இறைச்சியைக் கண்டு மற்றொருவர் முகம் சுளிக்கும் வழக்கத்தைப் பற்றி. இதன் வரலாறு நெடியது. ஆயினும் நான் அதனை ஏட்டில் அன்று, ஒரு புளியமரத்தடியில்தான் முதன்முதல் கற்றேன்.

வடலூரை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் பயின்ற காலம். ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. நண்பகலில் மரத்தடியில் வட்டமாக அமர்ந்து உண்போம். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். கணக்கில் எங்கள் எல்லோரையும் விட வல்லவன். தை மாத அறுவடைக் காலத்தில் ஒருநாள் அவனுடைய தூக்குப் பாத்திரத்தில் சோற்றோடு வறுத்த கறியும் இருந்தது. என்ன கறி என்று ஒருவன் கேட்டான். வயல் எலி என்று இவன் கூசாமல் விடை சொன்னான். அவ்வளவுதான், வட்டம் கலைந்தது. வயல் நண்டு உண்பவனும், நத்தை உண்பவனும், மழைக்காலத்தில் ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து கொறிப்பவனும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போனார்கள். நானும் போனேன். அன்று முதல் அவனுடைய பெயர் மறைந்து, அந்த விலங்கின் பெயரே அவனுக்குப் பெயராயிற்று. மாசி பிறக்கும் முன்னே அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

எலி பிடித்தல் எளிய தொழில் அன்று. வளையின் வாய்களையெல்லாம் தேடிக் கண்டு மண்ணால் அடைப்பார்கள். ஒரு வாயில் மட்டும் வைக்கோல் நெருப்பிட்ட மண்பானையைப் பொருத்தி, பானையின் துளை வழியே ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். பிறகு மண்ணை வெட்டுவார்கள். எலி கிடைக்கும்; அது சேமித்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். நிலக்காரருக்கு அதனால் விளைச்சல் மிஞ்சும்; இருளருக்கு அரிசியும் கறியும் சேரும். எங்கள் வீட்டு நெல்லைக் காத்துக் கொடுத்தவர் பிள்ளையைத்தான் நாங்கள் ஒதுக்கினோம்.

பின்னர்க் கல்லூரியில் பெரும்பாணாற்றுப்படை பாடமாக வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்வது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லுகிறான். எந்தெந்த ஊரில் யார் என்ன சோறு இடுவார்கள் என்பதையும் விடாமல் சொல்லுகிறான். வழிச்செலவுக்குப் பணம் இல்லாதவனுக்கு அதனினும் வேண்டிய செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

அந்த வழியில் முதலில் எயினர் குடியிருப்பு வருகிறது. எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கடப்பாரையால் கிளறி, மண்ணுக்குள் கிடக்கும் புல்லரிசியை எடுக்கிறார்கள். எறும்புகள் இழுத்துச் சேர்த்த அரிசி அது என்பது உரைகாரர் கொண்ட பொருள். அதனை உரலில் குற்றிச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் இடுகிறார்கள். இதைப் படித்தபோது என் கண் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எறும்பின் சேமிப்பைத் தோண்டிய எயிற்றிக்கும், எலியின் சேமிப்பைத் தோண்டிய என் தோழனின் தாய்க்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இருந்தது. தொழில் ஒன்றாகவே இருந்தது. அடுத்த குறும்பில் நாய் பிடித்து வந்த உடும்பின் பொரியல். முல்லை நிலத்து ஆயர் தினைச்சோற்றைப் பாலோடு தருகிறார்கள். மருத நிலத்து உழவர் வெண்சோற்றோடு கோழி வாட்டு வைக்கிறார்கள். வலைஞர் வீட்டில் சுட்ட மீன். அந்தணர் இல்லத்திலோ நல்லரிசிச் சோறு, மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்த கறி, வடுமாங்காய் ஊறுகாய். கடற்கரைப் பட்டினத்தில் குழியில் நிறுத்தி, அரிசிமா ஊட்டிக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் இறைச்சியும் கள்ளும்.

இத்தனை வீட்டிலும் உண்ணச் செல்பவன் ஒரே பாணன் என்பதை நோக்குங்கள். உடும்பு தின்ற வாயோடு அந்தணர் வாயிலுக்குப் போகிறாயே என்று புலவர் அவனைத் தடுக்கவில்லை. பன்றி இறைச்சிக்கு ஒரு சொல், மாதுளங்காய்க்கு ஒரு சொல் என்று இழிவும் உயர்வும் பிரிக்கவில்லை. சங்க காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்லிக்கொள்வது நமக்கு இனிப்பாக இருக்கும். அது உண்மை அன்று. ஆயினும் இந்த நூலில், விருந்துக்கு வழி காட்டும் அந்தப் பேச்சில், எந்த வீட்டு இலையைக் குறித்தும் இகழ்ச்சி இல்லை.

அந்தணர் என்றால் புலால் உண்ணாதவர் என்று இன்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். தம்மை அந்தணன் என்று கூறிக்கொண்ட கபிலர், புறநானூற்றில் சேரமன்னன் ஒருவனுக்கு விடை சொல்லுகிறார். உம்முடைய கை ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று அரசன் கேட்க, ஊனும் துவையலும் கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத கை இது என்பது அவர் விடை. பிற்காலத்தார் இந்தப் பாட்டைக் கண்டு திகைத்ததில் வியப்பில்லை.

ஊனை விலக்கும் கொள்கை நம் நாட்டில் எப்படி வேரூன்றிற்று? அதற்கு நாம் வடலூர்ப் பக்கத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் சமணர்களின் பெரிய இருக்கை. சர்வநந்தி என்னும் சமண முனிவர் கி.பி. 458-இல் லோகவிபாகம் என்னும் நூலை எழுதி முடித்த பாடலி இந்த ஊரே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டில் சமணராக இருந்து தருமசேனர் என்னும் பெயரோடு வாழ்ந்ததும் இங்கேதான். கொல்லாமையைத் தலையாய அறமாக வைத்தவர்கள் சமணர். சைவம் அவர்களோடு வாதிட்டது, வென்றது. வென்ற பின்னர், தோற்றவர்களின் சமையலறையை மட்டும் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது! இன்று புலால் இல்லாத உணவுக்குத் தமிழில் சைவம் என்றே பெயர். பன்றி இறைச்சியைச் சுட்டு, வாயில் சுவை பார்த்து, இறைவனுக்குப் படைத்த கண்ணப்பரோ நாயன்மார்களில் ஒருவர். அவர் கதையைச் சொல்லும் பெரிய புராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரங்கேறிய இடம் நம் சிதம்பரம்.

மணிமேகலையில் சாதுவன் என்னும் வணிகன் வருகிறான். கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவனையே உணவாக்க நினைத்தவர்கள், தங்கள் மொழி பேசுகிறான் என்று அறிந்ததும் தலைவனிடம் அழைத்துச் செல்கிறார்கள். கள்ளும் ஊனும் தந்தபோது சாதுவன் மறுக்கிறான். எங்களுக்கு ஏற்ற அறம் எது என்று தலைவன் பின்னர் வினவ, அவன் சொல்லும் விடை கருதத்தக்கது. உடைகலப் பட்டு வருவோரைக் கொல்லாதே. மூத்துத் தாமே இறக்கும் விலங்கை உண்பது தவிர, வேறு உயிருக்குத் தீங்கு செய்யாதே என்கிறான். முழுவதும் விடு என்று ஆணையிடவில்லை. அவர்கள் மலையில் எது இயலும் என்று எண்ணிச் சொன்னான். பௌத்த நூலில் இவ்வளவு நெகிழ்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

பிற நாடுகளிலும் கதை இதுதான். தவளை தின்னிகள் என்று ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை ஏளனம் செய்தனர். குதிரை இறைச்சியை எட்டாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் மூன்றாம் கிரகோரி விலக்கினார்; பழைய தெய்வங்களின் வழிபாட்டோடு அது சேர்ந்திருந்ததே காரணம். அதே இறைச்சியை விற்கப் பிரான்சில் 1866-இல் சட்டம் இடம் கொடுத்தது. நம் வயலில் நத்தை பொறுக்குபவரை ஏழை என்கிறோம். பிரான்சின் பர்கண்டி நத்தை வெள்ளித் தட்டில் வந்தால் விலை கேட்டு மலைக்கிறோம். இந்தியர் என்றாலே மரக்கறி உண்பவர் என்று வெளிநாட்டார் நினைப்பது உண்டு. 2014-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். சட்டமும் இடையில் மாறியிருக்கிறது: பாணனுக்கு விருந்தான உடும்பைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று குற்றம்.

இனி வடலூருக்கு வருவோம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1872-இல் அருகே ஞானசபை எழுந்தது. கொலையும் புலையும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்பது சபையின் விதி. புலால் உண்பவரை அடிகள் புறவினத்தார் என்று பிரித்தார். அவர்களுக்குப் பசி தவிர்ப்பது மட்டும் செய்க என்றார். நான் மீன் உண்பவன். அவர் கணக்கில் புறத்தே நிற்பவன். இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. அந்த விதி எனக்கு உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயினும் புளியமரத்தடியில் நாங்கள் கிழித்த கோடும் அடிகள் கிழித்த கோடும் ஒன்றல்ல என்பதை நான் மெல்லத்தான் உணர்ந்தேன். அடிகளுக்கு எலியும் ஒன்று, கோழியும் ஒன்று, என் வீட்டு மீனும் ஒன்று. எதன் உயிரும் உயிரே. எங்கள் கோடோ நண்டுக்கும் எலிக்கும் நடுவே ஓடியது. எலியின் மீது இரக்கம் கொண்டு யாரும் அன்று எழுந்து போகவில்லை. அவன் இருளன் என்பதற்காகவே எழுந்தோம். எலி அதற்கு ஒரு சாக்கு.

மேலும், பசித்தவன் எந்த நாட்டான், எந்தச் சாதியான், எந்த ஒழுக்கத்தான் என்று உசாவாமல் உணவிட வேண்டும் என்பது சீவகாருணிய ஒழுக்கம் என்னும் நூலில் அடிகள் திட்டமாக எழுதிய கட்டளை. சபைக்கு ஒரு வாயில் விதி உண்டு. சாலைக்கு அது இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று தருமச்சாலைப் பந்தியில் நான் அமர்ந்தேன். என் வலப்பக்கம் நெற்றி நிறைய நீறு பூசிய முதியவர். இடப்பக்கம் சேற்றுக் காலோடு வந்த ஒரு குடும்பம். வயலிலிருந்து நேரே வந்தவர்கள் போலும். அவர்கள் முந்திய நாள் என்ன உண்டார்கள் என்று நான் அறியேன். பரிமாற வந்தவர் எங்கள் மூவர் இலையையும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்றுதான் கேட்டார்.