மோனோ: குரங்குகள் கட்டிய பாலம்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மென்பொருள் வரலாறு எதற்கு என்று வகுப்பில் கேட்பார்கள், தெரியும். :-) இது கணினிக் கதை மட்டும் இல்லை. ஒரே கடையில்தான் கடைசிவரை சரக்கு வாங்கியாக வேண்டுமா, கடை மாற வழி உண்டா, மாறினால் அந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கும் என்பதன் கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2000-ஆம் ஆண்டு ஜூனில் மைக்ரோசாப்ட் டாட்நெட்டை அறிவித்தது. யோசனை எளிது. சி ஷார்ப் போன்ற ஒரு மொழியில் நிரல் எழுதுகிறீர்கள். கம்பைலர் அதை நேராக இயந்திர மொழிக்கு மாற்றாமல் ஓர் இடைநிலை மொழிக்கு மாற்றி வைக்கும். பிறகு நிரல் ஓடும் நேரத்தில், அந்தந்தக் கணினிக்கு ஏற்றபடி அதை மாற்றிக் கொடுப்பது 'ரன்டைம்' என்ற அடித்தள மென்பொருளின் வேலை. ஆக, ரன்டைம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதே நிரல் ஓட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிலுக்குப் பயன்படுத்தும்படியான ரன்டைமை மைக்ரோசாப்ட் விண்டோஸுக்குத்தான் கொடுத்தது.

அதே சமயம் இன்னொன்றும் செய்தது. சி ஷார்ப்பின் இலக்கணத்தையும், ரன்டைமின் மையப் பகுதி பற்றிய விவரங்களையும் எக்மா என்ற தர நிர்ணய அமைப்பிடம் ஒப்படைத்தது. 2001 டிசம்பரில் அவை எக்மா-334, எக்மா-335 என்ற தரங்களாக ஏற்கப்பட்டன. அதாவது, சமையல் குறிப்பு ஊருக்குப் பொது. யார் வேண்டுமானாலும் சமைத்துப் பார்க்கலாம்.

சமைக்க முன்வந்தவர் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசா. 1997-இல் லினக்ஸுக்கான க்னோம் டெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாட் ஃப்ரீட்மனுடன் சேர்ந்து அவர் நடத்திய சிமியன் நிறுவனம், எவல்யூஷன் என்ற மின்னஞ்சல் மென்பொருளை சி மொழியில் எழுதிக்கொண்டிருந்தது. பெரிய நிரலை சி மொழியில் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே நன்றாகவே தெரிந்தது. டாட்நெட் போன்ற ஒன்று லினக்ஸுக்கும் வேண்டும் என்று 2001 ஜூலையில் மோனோ திட்டத்தை அறிவித்தார்கள். ஸ்பானிய மொழியில் 'மோனோ' என்றால் குரங்கு. பாலம் கட்டப் பொருத்தமான பெயர்தான்!

முதல் கல்லே சுவாரசியமானது. சி ஷார்ப் கம்பைலரை சி ஷார்ப்பிலேயே எழுதினார்கள். ஆனால் அதைக் கம்பைல் செய்ய லினக்ஸில் கம்பைலர் ஏது? எனவே ஆரம்பத்தில் விண்டோஸையும் மைக்ரோசாப்டின் கம்பைலரையும் வைத்தே வேலையைத் தொடங்கினார்கள். 2002-இல் அது தன்னைத்தானே கம்பைல் செய்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அதே 2002-இல் மைக்ரோசாப்ட், 'ரோட்டர்' என்று அழைக்கப்பட்ட ஒரு ரன்டைமின் மூல நிரலை வெளியிட்டது. வணிகப் பயன்பாட்டுக்குக் கூடாது என்பது நிபந்தனை. அதைப் படித்தவர்கள் மோனோவுக்கு நிரல் எழுத வேண்டாம் என்று மோனோ குழு சொல்லிவிட்டது. காப்பி அடித்தார்கள் என்று நாளை யாரும் வழக்குப் போட முடியாதபடி இருக்க வேண்டுமே! அதனால் மைக்ரோசாப்ட் ரன்டைம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வெளியிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சின்னச் சின்னச் சோதனை நிரல்கள் எழுதி, விண்டோஸில் ஓட்டி விடையைப் பார்த்து, மோனோவிலும் அதே விடை வரும்வரை திருத்தினார்கள்.

உண்மையான தலைவலி ஆரம்பித்தது, மக்கள் தங்கள் சொந்த நிரல்களைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோதுதான்.

எக்மா தரத்தில் இருந்தது மொழி, ரன்டைமின் மையம், ஓர் அடிப்படை நூலகம், அவ்வளவுதான். ஜன்னல்களும் பொத்தான்களும் வரையும் விண்டோஸ் ஃபார்ம்ஸ், வலைத்தளங்களுக்கான ஏஎஸ்பி டாட்நெட், தரவுத்தளங்களுக்கான ஏடிஓ டாட்நெட் எதுவும் அதில் இல்லை. ஆனால் கம்பெனிகள் எழுதிய நிரல்கள் நின்றது இவற்றின் மேல்தான்.

அது போக, நிரல் எழுதியவருக்கே தெரியாமல் விண்டோஸின் பழக்கங்கள் நிரலுக்குள் ஊறியிருக்கும். ஒருவர் கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிச் சேமித்திருப்பார். நிரலில் அதையே சின்ன எழுத்தில் எழுதியிருப்பார். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு, எனவே 'கோப்பு இல்லை' என்று நின்றுவிடும். விண்டோஸில் கோப்புறைகளைப் பிரிப்பது \ என்ற கோடு, லினக்ஸில் / என்ற கோடு. அப்புறம் 'சி டிரைவ்' என்று ஒன்று லினக்ஸில் எங்கே இருக்கிறது? இந்த வித்தியாசங்களை ரன்டைமே சமாளித்துக்கொள்ள மோனோவில் தனியாக ஓர் அமைப்பு வைத்தார்கள். அதைப் போட்டால் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிரல் ஓடும்.

அடுத்தது, டாட்நெட்டைத் தாண்டி விண்டோஸின் உள் நூலகங்களை நேரடியாகக் கூப்பிடும் நிரல்கள். லினக்ஸில் அந்த நூலகம் கிடையாது. ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு நூலகத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு பட்டியல் கோப்பு எழுதலாம். பிழைத்தகவலை விரிவாகக் காட்டும் அமைப்பைப் போட்டால், ரன்டைம் எந்தெந்த இடத்தில் தேடித் தோற்றது என்பது வரிவரியாகத் தெரியும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைத் தேடும் நிரல்களுக்காக, பயனரின் கோப்புறைக்குள்ளேயே ஒரு போலி ரெஜிஸ்ட்ரி!

பெரிய அடி விண்டோஸ் ஃபார்ம்ஸில் விழுந்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டத்தின் மேல் அதைக் கட்டலாம் என்று முதலில் முயன்றார்கள். சரிப்பட்டு வரவில்லை. விட்டுவிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் தாங்களே வரையும்படி புதிதாக எழுதினார்கள். மோனோ 1.0 வெளிவந்தது 2004 ஜூன் 30. விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஒழுங்காக முழுமை பெற்றதோ 2008 அக்டோபரில் வந்த மோனோ 2.0-இல்.

2006-இல் 'மோமா' என்று ஒரு கருவி விட்டார்கள். உங்கள் நிரலைக் கொடுத்தால், மோனோவில் இன்னும் எழுதப்படாத எந்தெந்தப் பகுதிகளை அது நம்பியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும். விரும்பினால் அந்த அறிக்கையை மோனோ குழுவுக்கே அனுப்பலாம். அதை வைத்து அடுத்து எதை எழுதுவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஸ்டாக் இல்லாத சரக்கை வாடிக்கையாளர்களே எழுதிக் கொடுத்த மாதிரி! பாலம் கட்டியதில் அணிலுக்கும் பங்கு உண்டு அல்லவா? ஓடாமல் நின்ற ஒவ்வொரு நிரலும், அதைப் பொறுமையாக விவரித்து எழுதிய ஒவ்வொருவரும் அப்படிப்பட்ட அணில்கள்தான்.

இதை நம்பலாமா என்ற சண்டையும் நடந்தது. சிமியனை 2003-இல் நோவெல் வாங்கியது. 2006 நவம்பரில் நோவெலும் மைக்ரோசாப்டும் காப்புரிமை ஒப்பந்தம் போட்டதும் கட்டற்ற மென்பொருள் உலகில் சந்தேகம் கிளம்பியது. சி ஷார்ப்பை நம்பிக் கட்டுவது ஆபத்து, நாளை மைக்ரோசாப்ட் காப்புரிமையைக் காட்டித் தடுக்கலாம் என்று 2009 ஜூனில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எச்சரித்தார். அடுத்த மாதமே, எக்மா தரங்களில் உள்ளவற்றுக்கு அப்படி வழக்குப் போட மாட்டோம் என்று மைக்ரோசாப்ட் உறுதி கொடுத்தது. ஆனால் கவனியுங்கள், தரத்துக்கு வெளியே இருந்த விண்டோஸ் ஃபார்ம்ஸும் ஏஎஸ்பி டாட்நெட்டும் அந்த உறுதிக்கும் வெளியேதான் இருந்தன. ஸ்டால்மனின் பயத்தை வெறும் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

2011 ஏப்ரலில் நோவெலை அட்டாச்மேட் நிறுவனம் வாங்கி முடித்தது. விலை சுமார் 220 கோடி டாலர். அடுத்த மாதமே மோனோ குழுவில் இருந்தவர்கள் வேலை இழந்தார்கள். பத்து வருட உழைப்பு போச்சு என்றுதான் தோன்றும். ஆனால் மூல நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால், அதே மே மாதம் மிகேலும் நாட்டும் ஸாமரின் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கி, கைபேசிச் செயலிகளுக்கு மோனோவைக் கொண்டுபோனார்கள். யூனிட்டி விளையாட்டு எஞ்சினுக்குள் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு காற்று திசை மாறியது. 2014 நவம்பரில் மைக்ரோசாப்டே டாட்நெட்டின் மையத்தைத் திறமூலமாக்கி, லினக்ஸுக்கும் மேக்குக்கும் தருவதாக அறிவித்தது. 2016-இல் ஸாமரினை விலைக்கு வாங்கி, மோனோவை எம்ஐடி உரிமத்தில் விட்டது. 2024 ஆகஸ்டில் மோனோ திட்டத்தின் பொறுப்பு யாரிடம் போனது தெரியுமா? ஒரு காலத்தில் சரிப்பட்டு வராது என்று விட்டுவந்த அதே வைன் திட்டத்திடம்! மோனோவிலிருந்து கிளைத்த ஒரு ரன்டைமோ மைக்ரோசாப்டின் டாட்நெட்டுக்குள்ளேயே தனியாக வாழ்கிறது.

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். எக்மா தரம் கொடுத்தது அனுமதி. கடை மாறலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்ற அனுமதி. ஆனால் உண்மையில் மாற முடிந்தது, ஒரு சின்ன எழுத்தால் நின்றுபோன நிரலை இரவெல்லாம் உட்கார்ந்து தேடியவர்களால். அந்த உழைப்பு எந்தக் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பிலும் சொத்தாக வராது. அட்டாச்மேட் வாங்கிய 220 கோடி டாலருக்குள்ளும் அது அடங்கவில்லை. அடங்கியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அடுத்த முறை 'எங்கும் ஓடும்' என்று யாராவது விளம்பரம் செய்தால், ஓட வைத்தது யார் என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நிரல்களைப் போர்ட் செய்து அவதிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

மீண்டும் சந்திப்போம்!