எந்த வருஷத்துப் பூங்காவைத் திரும்பக் கொண்டுவருவது?

சில வருஷங்களுக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக நியூயார்க்கில் மூன்று மாதம் இருக்க நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போக்கிடம் இல்லை, கடை கடையாக ஏறி இறங்கக் கையில் காசும் இல்லை. அதனால் வாராவாரம் சென்ட்ரல் பார்க். அதன் வடக்குக் கோடியில் ஒரு ஓடை இருக்கிறது. மரங்கள் கவிந்து, பாறை மேல் தண்ணீர் விழுந்து, கொல்லிமலை அடிவாரம் மாதிரி ஒரு இடம். "ஊர் வளர்ந்தப்போ இந்த ஒரு துண்டுக் காட்டை மட்டும் தொடாம விட்டிருக்கான் பாரு"ன்னு கூட வந்த நண்பனிடம் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பி வந்து படித்தபோதுதான் அசடு வழிந்தது. அந்த அருவிக்குத் தண்ணீர் வருவது பாறைக்குப் பின்னால் மறைத்து வைத்த குழாயில். வால்வை மூடினால் அருவி நின்றுவிடும். அங்கே இருக்கும் மரங்களில் பெரும்பாலானவை யாரோ இடம் பார்த்து நட்டவை. ஏரிகள் வெட்டியவை, புல்வெளிகள் மண் கொட்டிச் சமன் செய்தவை. பாறைகள் மட்டும் அசல், அவற்றிலும் பலவற்றை வெடி வைத்துத் தகர்த்திருக்கிறார்கள். கெட்டிஸ்பர்க் போரில் செலவானதைவிட அதிகமான வெடிமருந்து இங்கே செலவானது என்று ஒரு பேச்சு உண்டு. மொத்தம் 843 ஏக்கர், முழுக்க முழுக்க மனிதன் கட்டியது. அன்றிலிருந்து இந்தப் பூங்கா மேல் ஒரு பைத்தியம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கதை 1811-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதியைச் சதுரங்கப் பலகை மாதிரி கோடு போட்டுத் திட்டமிட்டார்கள். தெருக்கள் 155 வரை போயின, பூங்காவுக்கு ஒதுக்கிய இடமோ சொற்பம். முப்பது வருஷத்தில் ஊர் நெரிசலில் மூச்சுத் திணறியது. 1844-ல் கவிஞரும் பத்திரிகை ஆசிரியருமான வில்லியம் கல்லன் பிரையன்ட், நமக்கு ஒரு பெரிய பூங்கா வேண்டும் என்று எழுதினார். ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் என்ற தோட்டக்கலை நிபுணரும் விடாமல் எழுதினார். 1853-ல் மாநிலச் சட்டசபை நிலம் கையகப்படுத்த அனுமதி கொடுத்தது. டவுனிங் அதைப் பார்க்கவில்லை, முந்தைய வருஷமே ஒரு நீராவிக் கப்பல் தீ விபத்தில் போய்விட்டார். ஆனால் அவர் இங்கிலாந்திலிருந்து அழைத்து வந்திருந்த கால்வெர்ட் வாக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். அவரிடம் பிறகு வருவோம்.

கையகப்படுத்திய நிலம் காலி நிலம் இல்லை. சுமார் 1,600 பேர் அங்கே குடியிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் ஊர்தான் செனகா வில்லேஜ். இப்போதைய 82-வது தெருவுக்கும் 89-வது தெருவுக்கும் நடுவே, பூங்காவின் மேற்கு ஓரத்தில் இருந்தது. 1825-ல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், 125 டாலருக்கு மூன்று மனை வாங்கினார். அதே சமயத்தில் எபிஃபனி டேவிஸ் என்பவர் பன்னிரண்டு மனை வாங்கினார். ஒரு சர்ச்சும் வாங்கியது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுசாக ஒழிந்ததே 1827-ல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

மனை வாங்கியதற்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. அந்த மாநிலத்தில் கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமென்றால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், இவர்களுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். ஆக, பட்டா என்பது அங்கே கூரை மட்டுமல்ல, ஓட்டும்கூட. 1850களின் நடுவில் அந்த ஊரில் ஏறக்குறைய 225 பேர் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர், மீதிப் பேரில் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். சுமார் ஐம்பது வீடு, மூன்று சர்ச், ஒரு பள்ளிக்கூடம். பத்திரிகைகள் எழுதியது என்னவோ 'குடிசை', 'ஆக்கிரமிப்பு' என்றுதான். இந்த வார்த்தைகள் நமக்கும் புதுசில்லை.

நஷ்ட ஈடு கொடுக்கப்பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிலம் கையில் இருந்தவனுக்குத்தானே அது? வாடகைக்கு இருந்தவனுக்கு ஒன்றும் இல்லை. 1857-ல் ஊர் காலியாகிவிட்டது. அந்த மக்கள் அப்புறம் எங்கே போனார்கள், ஒன்றாக இன்னொரு ஊர் அமைத்தார்களா என்றால், அப்படி அமைத்ததற்கான தடயம் கிடைக்கவில்லை.

1857 அக்டோபரில் பூங்காவுக்கு வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். பரிசு 2,000 டாலர். நிபந்தனைகளைப் பார்த்தால் இன்றைய டெண்டர் மாதிரியே இருக்கும்: அணிவகுப்பு மைதானம் வேண்டும், நீரூற்று வேண்டும், பூந்தோட்டம் வேண்டும், சறுக்கி விளையாட இடம் வேண்டும், குறுக்கே நான்கு சாலையாவது வேண்டும். வந்தவை 33 திட்டங்கள். ஜெயித்தது கடைசியாக வந்த 33-வது. பெயர் 'க்ரீன்ஸ்வார்ட்', பசும்புல் தரை என்று சொல்லலாம். கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாம் பார்த்த வாக்ஸ். இன்னொருவர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், பத்திரிகையாளர், தோற்றுப்போன விவசாயி, அதற்கு முன் ஒரு பூங்காவும் வடிவமைக்காதவர், ஆனால் அந்த நிலத்திலேயே மேற்பார்வையாளர் வேலையில் இருந்தவர். பகலில் நடந்து பார்த்த இடத்தை ராத்திரி வாக்ஸ் வீட்டில் உட்கார்ந்து வரைந்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்கூட வரைபடத்தில் புல்லுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தார்களாம்.

ஒரு இன்ஜினியராக என்னை அசத்தியது அந்தக் குறுக்குச் சாலைகள்தான். மற்றவர்கள் சாலையைப் பூங்காவின் தரை மட்டத்திலேயே போட்டார்கள். அது நிபந்தனையை நிறைவேற்றும், ஆனால் பூங்காவை ஐந்து துண்டாக்கிவிடும். இவர்கள் நான்கு சாலைகளையும் பள்ளத்தில் இறக்கி, மேலே பாலம் போட்டு மண் மூடிச் செடி வைத்துவிட்டார்கள். பூங்காவில் நடப்பவனுக்குக் கீழே சாலை இருப்பதே தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது, அன்றைக்கு ஊர் அவ்வளவு தூரம் வடக்கே வரவே இல்லை. குறுக்கே போக வண்டியே கிடையாது. நாளைக்கு நாலு பக்கமும் ஊர் சூழும், ராப்பகலாகச் சரக்கு வண்டி ஓடும், தீயணைப்பு வண்டி போகும் என்று யோசித்துப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு டாக்ஸியும் பஸ்ஸும் அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகின்றன. நாமெல்லாம் அடுத்த ரிலீஸுக்கு மேல் யோசித்து ஒரு வரி எழுதியிருப்போமா?

வெளியே தெரியாத இன்னொரு வேலை வடிகால். ஜார்ஜ் வாரிங் என்பவர் சதுப்பாகக் கிடந்த நிலத்துக்குள் சுட்ட மண் குழாய்களைப் பதித்து நீரை வடித்தார். அதுதான் புல்வெளியின் உயிர். புல்லை எல்லாரும் பார்ப்பார்கள், குழாயை யார் பார்ப்பார்?

பார்க்காததால்தான் பின்னால் எல்லாம் வீணானது. நடுவில் 1934-ல் ராபர்ட் மோசஸ் பூங்காத் துறைக்கு வந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தினார். ஷீப் மெடோவில் 1864-லிருந்து மேய்ந்த செம்மறிகளை வெளியேற்றி, ஆட்டுப் பட்டியை ஓட்டலாக்கினார். சுற்றிலும் சிறுவர் விளையாட்டுத் திடல்களைக் கட்டினார். 1842-ல் கட்டிய ஒரு பழைய செவ்வக நீர்த்தேக்கம் வடிக்கப்பட்டுக் கிடந்தது. பொருளாதார மந்தத்தில் வீடிழந்தவர்கள் அதில் குடிசை போட்டு இருந்தார்கள், ஆமாம், மறுபடியும் குடிசை, மறுபடியும் காலி செய்தல். அந்த இடம்தான் இப்போதைய 'கிரேட் லான்'.

மோசஸ் போன பிறகு கூட்டம் சேர்ப்பதுதான் பூங்காவின் பயன் என்றாகிவிட்டது. 1967-ல் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் கச்சேரிக்கு ஷீப் மெடோவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். மிதிபட்டு மிதிபட்டு மண் இறுகி, தண்ணீர் இறங்காமல், புல் செத்து, வெயிலில் புழுதி, மழையில் சேறு. 1975-ல் நகராட்சியே திவாலாகும் நிலை. முதலில் கை வைத்தது தோட்டக்காரர் சம்பளத்தில்தான். பெல்வெடியர் கோட்டை உடைந்து கிடந்தது, பாலமெல்லாம் கிறுக்கல், இருட்டினால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். எங்கள் தொழிலில் இதற்கு டெக்னிக்கல் டெப்ட் என்று பெயர். பராமரிப்பைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் வட்டி ஏறும்.

1979-ல் எலிசபெத் பார்லோ ராஜர்ஸ் என்ற பெண்மணியைப் பூங்காவுக்கு நிர்வாகியாக நியமித்தார்கள். அப்படி ஒரு பதவியே அதுவரை கிடையாது. அடுத்த வருஷம் கன்சர்வன்ஸி என்ற தனியார் அறக்கட்டளை. உடனே அழகுபடுத்தக் கிளம்பாமல் அவர்கள் மூன்று வருஷம் கணக்கெடுத்தார்கள்: மரம் மரமாக, பாலம் பாலமாக, மண், வடிகால், எந்த வழியில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பது வரை. அதை வைத்து 1985-ல் ஒரு மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் சிக்கலான கேள்வி இங்கேதான் வருகிறது. மீட்பது என்றால் எந்தப் பூங்காவை? 1858-ன் வரைபடத்தையா, மோசஸ் காலத்தையா?

1858-க்கே போ என்றால் கிரேட் லானை மறுபடி தண்ணீர்த் தொட்டியாக்க வேண்டும், விளையாட்டுத் திடல்களை இடிக்க வேண்டும். குழந்தைகளை எங்கே அனுப்புவது? 1980களின் தொடக்கத்தில் ராம்பிள் என்ற காட்டுப் பகுதியில் சில மரங்களை வெட்டினார்கள். பெதஸ்தா மாடத்திலிருந்து ஏரிக்கு அப்பால் பெல்வெடியர் கோட்டை தெரிய வேண்டும் என்பது ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் எண்ணம், நூறு வருஷ மரங்கள் அதை மறைத்துவிட்டன. வரைபடப்படி வெட்டியது சரி. ஆனால் பறவை பார்ப்பவர்கள் கொதித்துவிட்டார்கள். வலசை போகும் பறவைகளுக்கு அந்தக் கான்கிரீட் ஊரில் இறங்க வேறு எங்கே இடம்? என் கட்சி பறவைக்காரர்கள் கட்சி. வரைந்தவனின் காட்சியைவிட, அதற்குப் பிறகு வந்து குடியேறிய உயிருக்கு உரிமை கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது. அந்த எதிர்ப்புக்குப் பிறகு அவர்களும் மக்களிடம் கேட்காமல் கோடாலியை எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டார்கள். கடைசியில் கடைப்பிடித்தது ஒரு நடுவழி: ஓம்ஸ்டெட்டின் நில அமைப்பை மீட்பது, பின்னால் வந்த விளையாட்டு இடங்களை அதற்குள் அடக்கி வைத்துக்கொள்வது.

ஷீப் மெடோவில் மண்ணைப் புரட்டிப் புது வடிகாலும் புது நீர்க்குழாயும் போட்டார்கள். கச்சேரிகளை அங்கிருந்து மாற்றினார்கள். பெதஸ்தா மாடத்தின் கூரையில் இருந்த 15,000-க்கும் மேற்பட்ட மின்டன் ஓடுகளைக் கழற்றி எடுத்து இருபது வருஷத்துக்கும் மேல் பத்திரப்படுத்தி, செப்பனிட்டு, 2007-ல் திரும்பப் பதித்தார்கள். 1990களின் மத்தியில் பூங்காவை 49 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். புல் காய்ந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் கிடையாது. என்னைக் கேட்டால் நன்கொடைக் கோடிகளைவிட இந்த ஏற்பாடுதான் பூங்காவைக் காப்பாற்றியது.

நன்கொடையில் ஒரு உறுத்தலும் இருக்கிறது. 2012-ல் ஜான் பால்சன் என்ற முதலீட்டாளர் பத்து கோடி டாலர் கொடுத்தார். சுற்றிலும் பணக்காரர்கள் வாழும் பூங்காவுக்குக் கிடைக்கும், பிராங்ஸில் இருக்கும் பூங்காவுக்கு யார் கொடுப்பார் என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நம்ம ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். க்ரீன்ஸ்வார்ட் ஜெயித்த அடுத்த வருஷம், 1859-ல், மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் தொடங்கியது. அநேகமாக அந்தப் பூங்காவுக்கு இதே வயசு. அதன் நிலத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, கடைசியில் நேரு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் தேவையானதுதான், ஒவ்வொன்றும் பார்க்க அழகுதான், அதுதான் கஷ்டம். மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூர் போயிற்று. மூர் மார்க்கெட் அதே வருஷம் எரிந்தது. இன்றைக்குப் பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களிடம் பார்க் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பேட்டையில் ஒரு சின்னப் பூங்காவைப் 'புதுப்பித்தபோது' வேப்பமரத்தைச் சுற்றித் தண்டு வரைக்கும் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். மூன்றாவது வருஷம் மரம் பட்டுப்போனது. டைல்ஸ் நன்றாக இருக்கிறது.

செனகா வில்லேஜை நூறு வருஷத்துக்கு மேல் ஊரே மறந்திருந்தது. 1992-ல் ராய் ரோசன்ஸ்வைக், எலிசபெத் பிளாக்மார் இருவரும் எழுதிய பூங்கா வரலாறு அதைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. 2011-ல் தொல்லியலாளர்கள் அனுமதி வாங்கித் தோண்டினார்கள். வில்லியம் காட்ஃப்ரே வில்சன் என்ற சர்ச் ஊழியரின் வீட்டுக் கல் அஸ்திவாரம் கிடைத்தது. ஒரு தேநீர்க் கெட்டில் கிடைத்தது. ஒரு சின்னக் குழந்தையின் செருப்பு கிடைத்தது. 2019-ல் அந்த இடத்தில் விளக்கப் பலகைகள் வைத்தார்கள்.

நான் அங்கே இருந்தபோது அந்தப் பலகைகள் இல்லை. 85-வது தெரு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறேன், நாலைந்து தடவை.